கதவு கீற வூடு

கடாரத்துக்காரர்கள் திருவொற்றியூர் நங்கூரத் தெருவுக்கு வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில், அதுவும் தண்ணீர் லாரி வரும் நாளாகப் பார்த்து. அதனால் முதலில் அவர்களை யாரும் சட்டை செய்யவில்லை. ஏரியெல்லாம் காய்ந்து கிடந்த வருஷம் அது; லாரி வந்து நின்றால் பெற்ற பிள்ளையே குறுக்கே வந்தாலும் இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிற காலம். கடலரிப்புக்காகக் கொட்டி வைத்திருந்த பாறாங்கற்களில் ஏறி இறங்கி, நனைந்த துணியோடு ஒவ்வொருவராகத் தெருவுக்குள் வந்தவர்களைப் பார்த்து, வரிசை அந்தக் கோடியில் என்று கை காட்டிவிட்டுப் பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். லாரி போன பிறகுதான் வந்தவர்கள் கையில் குடம் இல்லை என்பதும், அவர்கள் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவே இல்லை என்பதும் தெரிந்தது. ஆயிரம் வருஷமாகக் கடலுக்கடியில் நடந்து வந்தவர்கள் சொட்டாமல் என்ன செய்வார்கள்? நாலைந்து வீட்டில் வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர்தான். சரி, வாசல் கழுவவாவது ஆகும் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய், மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வழக்கமான நாற்றம் வீசிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்ததற்குக் காரணம் பரசுராமன் என்பதில் தெருவில் இன்றுவரை இரண்டாம் கருத்து கிடையாது. அதே தெருவில் பிறந்து, தெருவிளக்கு, லைப்ரரி என்று அலைந்து படித்து, நகரத்துக் கல்லூரி ஒன்றில் சரித்திரப் பேராசிரியர் ஆனவர். பேரரசுகள் தங்களைப் பற்றித் தாங்களே என்ன எழுதிக்கொண்டன என்பதுதான் அவர் பாடம். வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தில் 'பெற்றுக்கொண்டோம்' என்று வருகிற இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, இங்கே திருட்டு என்று படியுங்கள் என்பார். ஒரு கூட்டம் தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தொடங்கினால், அது எதை மறைக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்று முதலில் பாருங்கள் என்பார். யார் எதைச் சொன்னாலும் 'ஆதாரம்?' என்று கேட்பார். மாணவர்கள் அவருக்கு ஆதாரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஆள்தான் இந்த வேலையைச் செய்தார்.

அந்தத் தெருக் கிழவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குளிக்கும்போதும் முதுகிலிருந்து துண்டை எடுக்க மாட்டார்கள். துண்டின் மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டோடு வெயிலில் நின்று காய்வார்கள். சின்னப் பிள்ளைகள் அதை ஏதோ சாமிக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் என்னவென்றால், வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தெரு ஆண்களில் பாதிப்பேர் கப்பலேறி மலாய் நாட்டுக் கெடாவுக்கு ரப்பர்த் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள். பழைய கல்வெட்டில் கடாரம் என்று வருகிற மண்ணும் கெடாவும் ஒன்றுதான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். போனவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. காட்டை வெட்டினார்கள், கன்று நட்டார்கள், பால் வடித்தார்கள், கங்காணியிடம் பிரம்படி வாங்கினார்கள். திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் முதுகு நிறையத் தழும்பும். பரசுராமனின் தாத்தா தாமோதரன் அப்படி வந்தவர். அவர் செத்த அன்றைக்குக் குளிப்பாட்டத் துண்டை எடுத்தபோதுதான், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பேரன் அந்த முதுகைப் பார்த்தான். பார்த்தவன் பிணத்தருகே நிற்காமல் எழுந்து ஓடிவிட்டான். அந்த வெட்கம் பரசுராமனை விட்டதே இல்லை. கல்லூரியில் ஒருநாள் 'இருக்கிறது' என்பதற்கு வாய் தவறித் தெருப் பேச்சில் 'கீது' என்று சொல்லப்போய், கூட வேலை பார்ப்பவர்கள் காபி டம்ளருக்குப் பின்னால் சிரித்தபோதும், முதலில் நினைவுக்கு வந்தது அந்த முதுகுதான்.

தெருவின் நற்பணி மன்றத்துக்குச் செங்குட்டுவன் செயலாளர். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர், தன் பெயரை யாராவது குட்டு என்று சுருக்கிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார். இரண்டாயிரத்து ஒன்றில் பொங்கல் விழாவுக்கு மலர் ஒன்று போடலாம் என்று முடிவானபோது அவர் பரசுராமனிடம் வந்து, நம்ம தெருவுக்குச் சரித்திரம் என்று ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வேலைக்கு மனுப் போடுகிற பையன்கள் நங்கூரத் தெரு என்று விலாசம் எழுதவே கூசுகிறார்கள், சொந்தக்காரன் வீட்டு விலாசத்தைப் போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். பரசுராமன் முதலில் உள்ளதைத்தான் எழுதினார். கூலிக் கப்பல், கங்காணி, துண்டு, தாத்தா எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடித்துத் தானே ஒருமுறை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, 'கடாரம் வென்ற கால்வழி' என்று தலைப்புப் போட்டு வேறொன்று எழுதினார். சோழனின் கப்பற்படை கடாரத்தை வென்று, கோட்டைக் கதவைக்கூடப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அந்தப் படையில் துடுப்புப் போட்டவர்களின் வழிவந்தவர்களே நங்கூரத் தெருக்காரர்கள். அந்தக் கிழவர்களின் உடம்பில் இருப்பவை பரம்பரையாக வரும் விழுப்புண்கள். ஆதாரம்? ஒரு மண்ணும் கிடையாது. கடாரத்தை வென்று கதவைப் பெயர்த்த செய்தி மட்டும் கல்வெட்டில் உள்ளது. மற்றதெல்லாம் அவர் கைச்சரக்கு.

மலர் வெளியான மறுநாள் காலையில், கெடா போய் வந்தவர்களில் உயிரோடிருந்த ஒரே ஆளான கிருஷ்ணப்பனின் முதுகுத் தழும்புகள் மார்புக்கு வந்துவிட்டிருந்தன. எண்பது தாண்டிய மனிதர். முதுகு வழவழவென்று குழந்தை முதுகாக இருந்தது. மார்பில் கோடு கோடாக, தோளிலிருந்து தொப்புள் வரை. நகராட்சி ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டுத் தோலுக்கு எண்ணெய் தடவச் சொன்னார். கிருஷ்ணப்பன் ஆயுளில் முதன்முறையாகத் துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்று மார்போடு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். விழா மேடையில் பரசுராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கீழே முதல் வரிசையில் அந்தக் கிழவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பரசுராமன் பார்த்தார். பேச எழுந்தவர் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தன்னடக்கம் என்று கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. கோடிச் சுவரில் பெரிய பாய்மரக் கப்பல் வரைந்தார்கள். பையன்கள் விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். ஒன்றிரண்டு பேருக்கு வேலையும் கிடைத்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கூடவே இன்னொன்றும் நடந்தது. தெரு முனையில் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்த குப்பம்மா, சின்னப் பெண்ணாக இருக்கும்போது பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். அங்கே இருந்தவர்கள் இது உங்கள் நாடு இல்லை, கிளம்புங்கள் என்று விரட்டியபோது, குடும்பமே கட்டின துணியோடு வந்தது. நாற்பது வருஷமாக அந்தத் தெருவில்தான் இருந்தார். அவரிடம் போய், நீ நம்ம வழி இல்லை, கப்பல் படத்துக்கு முன்னால் வண்டி போடாதே என்று மன்றத்துப் பையன்கள் சொன்னார்கள். குப்பம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போய்விட்டார். பரசுராமன் ஜன்னலில் நின்று இதைப் பார்த்தார். வகுப்பில் பாடமாகச் சொல்வது கண்ணெதிரே நடக்கிறது. கீழே இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் துப்பில்லை. மனைவி கார்குழலி மட்டும் அன்று முதல் தினமும் அத்தோ வாங்கிவந்து, சாப்பிடுங்கள் என்று அவர் முன்னால் வைத்தார்.

இந்த நிலைமையில்தான் கடாரத்துக்காரர்கள் வந்தார்கள். மலரைப் படித்திருந்ததால் வந்தவர்கள் யார் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது; செங்குட்டுவனுக்கு வாயெல்லாம் பல். கப்பம் கட்ட வந்திருக்கிறார்கள் என்று அவரே முடிவு செய்து, பேண்டு வாத்தியம் வைத்து, கலர் சோடாவும் மாலையும் வாங்கிவந்தார். கிருஷ்ணப்பனை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். கடாரத்துக்காரர்கள் மாலையைப் பார்த்தார்கள், சோடாவைப் பார்த்தார்கள், ஒன்றையும் தொடவில்லை. வீட்டுக்கு ஒருவராகப் பிரிந்துபோய் ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டார்கள். கையை நீட்டவில்லை, பேசவில்லை. அடுத்த நாளும் நின்றார்கள். அடுத்த வாரமும் நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து பாஸ்போர்ட் கேட்டுவிட்டு, இது மத்திய சர்க்கார் விஷயம் என்று போனார். பத்திரிகையில் தங்கம் விலைக்குக் கீழே நாலு வரி வந்தது. ராத்திரி பகல் சொட்டுகிற தண்ணீரால் தெரு முழுக்க உப்புப் பூத்து, செருப்பெல்லாம் வெளுத்துப்போனது. சொந்த வீட்டுக்குள் போகவே அவர்களை ஒட்டி உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பெண்களுக்குச் சமையல் ஓடவில்லை. ஆண்களுக்கு அவர்கள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தது குப்பம்மா. அவர் வீட்டு வாசலில் மட்டும் யாரும் நிற்கவில்லை. ஆனால் போகவர மற்ற வாசல்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடாரத்துக்காரர்களின் கை அடிக்கடி கதவைத் தடவுவதையும், கீலைத் தொட்டுப் பார்ப்பதையும், பலகையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு முகம் வாடுவதையும் கவனித்துவிட்டு, செங்குட்டுவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கப்பமும் இல்ல ஒண்ணும் இல்ல. அவுங்க வூட்டுக் கதவத் தேடிக்கினு வந்துகிறாங்க. ரங்கூன்ல எங்க நைனா போட்ட தேக்குக் கதவு இன்னிக்கும் எனக்குக் கனவுல வருது. எவன் வூட்ல மாட்டிக்கீதோ."

செங்குட்டுவன் ஓட்டமாகப் பரசுராமனிடம் வந்து, அந்தக் கதவு இப்போது எங்கே என்று கேட்டார். பரசுராமனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கோட்டைக் கதவை எந்த அரசன் எங்கே மாட்டினானோ, அது என்றைக்கு விறகாகிப் போனதோ, யாருக்குத் தெரியும்? பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தார். அவர் வாசலில் நின்றது அம்மா வயதில் ஒரு பெண்மணி. அவர் கை பரசுராமன் வீட்டு நிலையைப் பிடித்திருந்தது. பாதத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பரசுராமன் குரலைத் தாழ்த்தி, வகுப்பில் பேசுகிற சுத்தமான தமிழில், அம்மா, நீங்கள் தவறான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், அதைச் செய்தவர்கள் நாங்கள் அல்ல, நான் எழுதியதற்கு ஆதாரம் கிடையாது, எனக்கும் அந்தக் கதவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். பாஷை புரிந்ததோ இல்லையோ, அந்தப் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்தார். அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அங்கே நின்றவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பரசுராமனுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவர் பின்னால் பட்ட வெட்கத்துக்கு அளவே இல்லை.

ஒருவர் நகர்ந்ததைப் பார்த்ததும், உண்மையைச் சொன்னால் எல்லோரும் நகர்வார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் தெருவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் கிருஷ்ணப்பனின் மார்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எல்லோரையும் கூட்டி எழுந்து நின்றார். மலரில் எழுதியது பொய் என்றார். நம் தாத்தாக்கள் கடாரத்தை வெல்லவில்லை, அங்கே அடிபட்ட கூலிகள், என் தாத்தாவின் முதுகுக்கு வெட்கப்பட்டு நான்தான் மாற்றி எழுதினேன் என்றார். ஆகவே இவர்களுக்கு நாம் ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லை, அதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று முடித்தார். பேசி முடிப்பதற்குள்ளேயே கிருஷ்ணப்பனின் மார்பிலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கிழவர் நாற்காலியில் சாய முடியாமல் முன்னால் குனிந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த முதுகைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். செங்குட்டுவன் மட்டும் மெதுவாக, "அப்ப நாங்க யாரு சார்?" என்று கேட்டார். இத்தனை புத்தகம் படித்து என்ன பிரயோசனம் என்று பரசுராமனுக்குப் பூமிக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

கிருஷ்ணப்பன் கக்கத்திலிருந்த துண்டை எடுத்தார். முதுகில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைத் திரும்பவும் கக்கத்தில் வைத்தார்.

"தழும்பு மாருக்கு வந்தப்போ வோணாம்னு சொன்னனா நானு? எல்லாரும் கும்புட்டீங்க, வாங்கிக்கினேன். இப்ப கதவு கேக்க சொல்லோ, அது நான் இல்லன்னு சொன்னா நல்லாவா கீது? நாங்க போன தபாவும் அவுங்க காட்டத்தான் வெட்டிச் சாச்சோம். எவனோ அடிச்சான், நாங்க வெட்னோம். வெட்னது இந்தக் கைதானே."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், திருப்புளி கிடைக்காமல் கரண்டிக் காம்பால் தன் வீட்டுக் கதவின் கீலைக் கழற்றத் தொடங்கினார். தகரம் அடித்த கதவு, நாய் முட்டினால் திறந்துகொள்ளும். வாசலில் நின்ற கடாரத்துக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன்னுடைய கதவு அது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கல்யாண வீட்டுத் தாம்பாளத்தை வாங்குகிற மாதிரி வாங்கினார். அவர் உடம்பில் சொட்டு நின்றது. அதைப் பார்த்த பிறகு யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கடன் வாங்கிப் போட்ட பிளைவுட் கதவு, குளியலறைப் பிளாஸ்டிக் கதவு, உடைத்த கப்பலில் ஏலம் எடுத்த இரும்புக் கதவு என்று தெருவே கழற்றிக் கொடுத்தது. செங்குட்டுவன் தன் கதவைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு பாறாங்கல் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார். குப்பம்மா தன் கதவையும் கழற்ற ஆரம்பித்தபோது, உங்கள் வாசலில் ஆள் நிற்கவில்லையே, நீங்கள் கொடுக்க வேண்டாம் என்று வண்டியை விரட்டிய அதே பையன்கள் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்கள். இந்தத் தெருவில்தானே நானும் இருக்கிறேன் என்று சொல்லி, பரசுராமன் வாசலை விட்டு வந்த பெண்மணியின் கையில் அவர் அதைக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கடாரத்துக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கதவோடு கடலில் இறங்கிவிட்டார்கள்.

பரசுராமன் திருப்புளியும் கையுமாகத் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாங்க ஆள் இல்லை. கார்குழலிதான் நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஒரு பக்கம் பிடித்தார். இருவரும் கழற்றிக் கொண்டுபோய்ப் பாறைமேல் நின்று கூப்பிட்டார்கள். கடைசியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அலையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவு நிலையில் மாட்டியிருந்தது, சொட்டச் சொட்ட. மறுநாள் தச்சர் ரஹீமைக் கூட்டிவந்து, கீலோடு நிலையையும் சேர்த்துப் பெயர்க்கச் சொன்னார். ரஹீம் கூலி வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் பழையபடி நின்றது. அறுத்துப் பார்த்தார்கள், அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஈர மரம், பற்றவே இல்லை. ஒருநாள் கார்குழலி, "நீங்கதான் உங்களக் கணக்குலருந்து கழிச்சிக்கிட்டீங்க. விடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வாளியைக் கொண்டுவந்து கதவுக்கு அடியில் வைத்தார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கிருஷ்ணப்பன் அடுத்த ஐப்பசியில் இறந்தார். துண்டில்லாமல்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். பரசுராமன் கிழித்துப்போட்டதை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக் கொடுத்தார். செங்குட்டுவன் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் அடுத்த மலரில் போட்டார், பொன்னாடை போர்த்தவில்லை. கப்பல் படத்துக்கு முன்னால் குப்பம்மாவின் வண்டி நிற்கிறது. தெருவில் புதுக் கதவு யாரும் போட்டுக்கொள்ளவில்லை; பழைய சேலையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒன்றும் திருட்டுப் போனதாகக் கேள்வி இல்லை. பரசுராமன் மேல் யாருக்கும் கோபமும் கிடையாது. சார் என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார்கள், கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான். அவர்தான் யார் வீட்டுக்குப் போனாலும் சேலையை விலக்கி உள்ளே போகத் தயங்கி, வெளியிலேயே நின்று கூப்பிடுகிறார். வகுப்பில் ஆதாரம் கேட்பதை விட்டுவிட்டார் என்றும் சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் வாளியை எடுத்து வாசலில் ஊற்றிவிட்டுத் திரும்ப வைப்பது அவர் வேலை. கதவைத் திறந்தே வைக்கலாம் என்று அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். கல்லை நகர்த்திவிட்டு அது தானாகச் சாத்திக்கொள்கிறது. கல்லூரியிலிருந்து அவரைத் தேடி வருகிறவர்கள் முனையில் வண்டியை நிறுத்திக் குப்பம்மாவிடம் வழி கேட்பார்கள். நேராகப் போ, எல்லா வூடும் தொறந்து கீது, கதவு கீற வூடு ஒண்ணே ஒண்ணு, அதான் சார் வூடு என்று அவர் கரண்டியால் காட்டுவார். அவர்கள் போய்த் தட்டுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அந்தத் தெருவில் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை.